கிட்டங்கி வட்டியும் கார்டு வட்டியும்

தைப்பூசத்துக்கு முந்தைய நாள், மலேசியாவின் பினாங்கில் வெள்ளி ரதம் பினாங்குத் தெருவிலிருந்து புறப்பட்டு, டத்தோ கிராமாட் சாலை வழியாகத் தண்ணீர்மலை நகரத்தார் கோவிலுக்குப் போய்ச் சேரும். வழியெங்கும் தேங்காய் உடைபடும். கோவில் எழுந்தது 1857இல். காரைக்குடியில் செய்த ரதம் வந்தது 1894இல். இரண்டுக்கும் பணம் போட்டவர்கள் செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள்.

அவர்களுடைய கடை கிட்டங்கி. நீண்ட கூடம், அதில் பல மார்க்காவினர், அதாவது தனித்தனி நிறுவனத்தார், வரிசையாக இடம் பிடித்திருப்பார்கள். ஆளுக்கொரு கைப்பெட்டி, அதற்குப் பின்னால் சம்மணமிட்ட மேலாள், பக்கத்தில் பேரேடு. முதலாளி ஊரில் இருப்பார். அவருடைய ஏஜெண்டாக வந்த மேலாள் மூன்று வருஷக் கணக்கு முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார். பகலில் வசூலுக்கு அலைவதும் இரவில் கணக்கெழுதுவதும் அதே கூடத்தில் படுப்பதுமாக அந்த மூன்று வருஷமும் ஓடிவிடும்.

இவர்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு 'நடப்பு வட்டி' என்று ஒன்று இருந்தது. நூற்றுக்கு மாதம் இவ்வளவு என்பது கணக்கு. இரங்கூனில் செட்டியார்கள் மாதந்தோறும் கோவிலில் கூடி அதை நிர்ணயித்ததை 1929-30இல் விசாரித்த பர்மா வங்கி விசாரணைக் குழு பதிவு செய்திருக்கிறது. வெளியாருக்கு வேறு விகிதம். நிலப் பத்திரம் ஈடு வைத்தவருக்குக் குறைவு, வெறும் கையெழுத்தில் புரோநோட் எழுதியவருக்கு அதிகம். தவணை தவறாதவர் அடுத்த முறை வந்தால் மேலாள் கொஞ்சம் இறங்கி வருவார்.

இந்தப் பேரத்துக்குள் அரசும் நுழைந்தது. 1935இல் பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களில் வட்டிக்கடைச் சட்டம் வந்தது. கடன் விவரத்தை எழுத்தில் வைத்து, வாங்கியவருக்கும் பிரதி தர வேண்டும் என்றது. மலாயாவின் 1951ஆம் ஆண்டுச் சட்டம் பிறகு வந்தது. 2003இல் அதைத் திருத்தியபோது ஈடு உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம், ஈடு இல்லாததற்கு 18 சதவீதம் என வரம்பு கட்டினார்கள்.

கிரெடிட் கார்டிலும் உச்சம் அதே 18தான். ஆனால் அது வங்கிக்கான விதி, மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வகுத்தது. பன்னிரண்டு மாதமும் குறைந்தபட்சத் தொகையையாவது தவறாமல் கட்டியவருக்கு 15, பத்து மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவருக்கு 18. தவணை தவறாதவருக்கு மேலாள் தந்த சலுகை, இங்கே எழுதப்பட்ட விதியாகிவிட்டது.

எனினும் 15க்கும் 18க்கும் உள்ள வித்தியாசத்தைவிட, பில்லில் அச்சிட்டிருக்கும் 'குறைந்தபட்சத் தொகை'தான் பலரைக் கவிழ்க்கிறது. வழக்கமாக அது நிலுவையில் 5 சதவீதம். 3,000 ரிங்கிட் நிலுவைக்கு 18 சதவீத வட்டி என்றால் முதல் மாத வட்டி மட்டும் 45 ரிங்கிட். அதையும் சேர்த்த நிலுவையில் 5 சதவீதமாகக் கட்டுவது ஏறக்குறைய 152. அசலில் குறைவது 107 ரிங்கிட்தான். புதிதாக எதுவும் வாங்காமல் இப்படியே கட்டிக்கொண்டு போனாலும், பத்தொன்பது மாதம் கழித்து 1,500 ரிங்கிட் பாக்கி நிற்கும். அதற்குள் வட்டியாக மட்டும் 600க்கு மேல் போயிருக்கும்.

ஆகவே கார்டு தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தன் பழக்கத்தை. மாதாமாதம் முழுத் தொகையும் கட்டுகிறவருக்கு வட்டி விகிதம் எவ்வளவு இருந்தாலும் ஒன்றுதான். பில் தேதியிலிருந்து இருபது நாளாவது வட்டியில்லா அவகாசம் கிடைக்கும். ஆண்டுக் கட்டணமும் கேஷ்பேக்கும் ஒப்பிட்டால் போதும். பாக்கி வைக்கிறவருக்குக் கேஷ்பேக் ஒரு பொருட்டே அல்ல, அதற்குப் பல மடங்கு வட்டியில் போய்விடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டு ரொக்கம் எடுப்பது இன்னும் மோசம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, வட்டியும் எடுத்த அன்றே ஓடத் தொடங்கும்.

2011இல் பேங்க் நெகாரா இன்னொரு கட்டுப்பாடும் கொண்டுவந்தது. ஆண்டு வருமானம் 24,000 ரிங்கிட்டாவது இருந்தால்தான் கார்டு. 36,000 வரை உள்ளவர் இரண்டு வங்கிகளுக்கு மேல் போக முடியாது. ஒவ்வொன்றிலும் கடன் வரம்பு மாதச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு. சம்பளம் 2,500 ரிங்கிட் என்றால், இரண்டு வங்கியிலும் சேர்த்து அவர் 10,000 ரிங்கிட் வரை கடன்படலாம்.