கையால் கட்டிய கம்ப்யூட்டர்களும் கல்கத்தாவும்

சால்ட் லேக்கில் இருக்கிறேன் என்று ஊரில் சொன்னால், "ஏரிக்குள்ளயா வீடு?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. கேள்வியில் தப்பில்லை. 1960களில் ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டி, சதுப்பு நிலத்தை மேடாக்கி எழுப்பிய ஊர்தான் இது. இப்போது ஐந்தாம் செக்டர் முழுக்கக் கம்ப்யூட்டர் கம்பெனிகள். ஆனால் கல்கத்தாவின் கம்ப்யூட்டர் கதை இங்கே தொடங்கவில்லை. வடக்கே பாராநகரில், பி.டி. ரோட்டில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் தொடங்கியது.

நான் படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. எனக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று கேட்கலாம். என் மகன் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். போன வருஷம் அவனும் நானும் சேர்ந்து பழைய சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் மாதிரி ஒரு கம்ப்யூட்டரை வீட்டிலேயே கட்டினோம். ஸ்பெக்ட்ரம் 1982ல் இங்கிலாந்தில் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர். அதன் மூளை இசட்-80 என்ற சில்லு. படம் காட்டும் வேலையை ஃபெரான்டி கம்பெனி செய்த தனிச் சில்லு ஒன்று பார்த்துக்கொண்டது. அந்தச் சில்லு இப்போது புதிதாகக் கிடைக்காது. கிறிஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் அதன் உள்வேலையை அலசி, கடையில் கிடைக்கும் சாதாரண லாஜிக் சில்லுகளால் அதே வேலையைச் செய்து காட்டினார். 2010ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவர் போட்ட பாதையில்தான் நாங்களும் போனோம். சாமான்களில் பாதி சாந்தினி மார்க்கெட்டில் வாங்கியது.

சரி, பாராநகருக்கு வருவோம். மஹலநோபிஸுக்கு ஓயாத கணக்கு வேலை. 1950ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது, பின்னாலேயே ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தன. கைக்கணக்கில் மாளாது. சமரேந்திர குமார் மித்ரா என்பவர் வெளிநாடு போய்ப் புதிய கணிப்பொறிகளைப் பார்த்துவிட்டு வந்து, 1953ல் ஓர் அனலாக் கம்ப்யூட்டரை வடிவமைத்தார். அவருடைய நேரடி மேற்பார்வையில் அது கழகத்திலேயே கட்டப்பட்டது. பத்து மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரம் அது. இந்தியாவில் உள்ளூரிலேயே செய்த முதல் எலக்ட்ரானிக் அனலாக் கம்ப்யூட்டர் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்து 1955ல் இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி.-2எம் என்ற டிஜிட்டல் கம்ப்யூட்டரை வாங்கினார்கள். 1959ல் சோவியத் யூனியனிலிருந்து உரால் வந்தது. இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றனவே, போதும் என்று நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து டிரான்சிஸ்டர்களால் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி, 1966ல் ஓட வைத்தார்கள். அதன் பெயர் ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1.

பம்பாயிலும் இதே கதை. டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். 2,700 வெற்றிடக் குழாய்கள், 1,700 ஜெர்மேனியம் டயோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள். அத்தனையையும் இணைத்து 1960ல் இயக்கினார்கள். பெயர் வைத்தவர் நேரு, 1962ல். முழுதாகக் கட்டி முடிப்பதற்குள் வெளிநாட்டில் டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. அப்படியானால் உழைப்பு வீணா? இந்தக் கேள்விக்கு எங்கள் மேஜை மேல்தான் எனக்குப் பதில் கிடைத்தது.

எல்லாவற்றையும் பற்றவைத்து மின்சாரம் கொடுத்தோம். ஸ்பெக்ட்ரம் சரியாக எழுந்தால் முதலில் கறுப்புத் திரையில் மெல்லிய சிவப்புச் செங்குத்துக் கோடுகள் தோன்றி மறையும். நினைவகத்தின் ஒவ்வொரு அறையிலும் 2 என்ற எண்ணை எழுதிச் சோதிப்பதால் வரும் கோடுகள் அவை. பிறகு வெள்ளைத் திரையில் கம்பெனி பெயர் வரும். எங்களுக்குக் கோடும் வரவில்லை, பெயரும் வரவில்லை. கலர் கலராய்ச் சதுரங்கள் சிதறி நின்றன.

மகன் எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பக் கட்டலாம் என்றான். நான் வேண்டாம் என்றேன். ட்ரையல் பேலன்ஸ் இடித்தால் எந்தக் கணக்கரும் லெட்ஜரை முதலிலிருந்து எழுத மாட்டார். வித்தியாசத்தைப் பார்ப்பார். அது 9ஆல் வகுபட்டால், எங்கோ 54ஐ 45 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். வித்தியாசத்தின் பாதித் தொகை ஏதாவது பதிவில் இருந்தால், பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கலாம். பிழையே தன் விலாசத்தைச் சொல்லும்.

இசட்-80க்கும் அப்படி ஒரு வழி உண்டு. டேட்டா கம்பிகள் எட்டையும் பூஜ்யத்தில் கட்டிவிட்டால், 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளையே அதற்குத் திரும்பத் திரும்பப் போகும். அது பாட்டுக்கு 0, 1, 2 என்று 65,535 வரை முகவரிகளை எண்ணிக்கொண்டே போகும். பதினாறு முகவரிக் கம்பிகளுக்கும் எல்.இ.டி. விளக்கு மாட்டிப் பார்த்தால், ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதின் பாதி வேகத்தில் மினுக்க வேண்டும். இரண்டு சேர்ந்தே மினுக்கினால் இடையில் ஷார்ட். எங்களிடம் ஒரு விளக்கு மட்டும் எரியவே இல்லை. சில்லின் காலில் தொட்டால் துடிப்பு இருந்தது, சாக்கெட்டுக்குக் கீழே இல்லை. புது சாக்கெட்தான், உள்ளே ஒரு தகடு ஒடிந்திருந்தது. முப்பது ரூபாய்கூட ஆகாத சாமான், மூன்று வாரத்தைத் தின்றுவிட்டது. மாற்றியதும் சிவப்புக் கோடுகள் வந்தன. மகன் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட் பௌதி எட்டிப் பார்த்தார்.

அந்த மூன்று வாரத்தில் அவன் கற்றது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பாராநகரிலும் ஜாதவ்பூரிலும் பம்பாயிலும் நடந்தது இதுதான். இயந்திரம் சீக்கிரம் பழசாகிவிடும். அதைக் கட்டியவனுக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

இது என் வேலையோடும் சம்பந்தப்பட்டது. இதே கல்கத்தாவில் 1960களில், வேலை போய்விடும் என்று பயந்து எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டரை எதிர்த்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. இன்று எனக்கு இருப்பது வேறு பயம். பென்ஷன் வாங்க வரும் பெரியவரிடம் "சிஸ்டம் எடுக்கல, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடுகிறோம். ஏன் எடுக்கவில்லை என்று கவுன்ட்டரில் இருப்பவருக்கும் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது. லெட்ஜர் காலத்தில் பிழையைத் தேடிப் போக ஒரு வழி இருந்தது. இப்போது புகார் எண்தான் இருக்கிறது.

1976ல் வந்த இசட்-80ஐ நிறுத்தப்போவதாக ஸைலாக் கம்பெனி 2024ல் அறிவித்துவிட்டது. கையால் தொட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய சில்லுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் பழைய ரேடியோவோ கம்ப்யூட்டரோ கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, ஏன் ஓடவில்லை என்று தெரிந்தால் போதும்.