விற்கச் செய்த பொம்மைக்கும் மரபு உண்டு

போன இடத்தின் ஞாபகமாக வாங்கி வரும் பொம்மையைக் கலை என்று ஏற்கப் பலருக்கு மனம் வருவதில்லை. வெளியூர்க்காரருக்கு விற்கச் செய்ததில் மரபு ஏது என்பது அவர்கள் கட்சி. கோலார் தங்கவயலில் நின்று பார்த்தால் இந்தக் கட்சி எடுபடாது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய ஊர் அது. அங்கிருந்து வடகிழக்கே திருப்பதி யாத்திரிகர்கள் வாங்கிவரும் செம்மர மரப்பாச்சி, தென்கிழக்கே பண்ருட்டி மண் பொம்மை, மேற்கே பெங்களூரைத் தாண்டினால் சென்னப்பட்டணத்து அரக்குப் பொம்மை. மூன்றுமே காலங்காலமாக விலைக்கு விற்கச் செய்தவைதான்.

சென்னப்பட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். திப்பு வரவழைத்த பாரசீகக் கைவினைஞர்கள் தொடங்கியது என்பது அங்கே வழங்கும் கதை. பிறகு ஜப்பானியக் கடைசல் முறையைக் கொண்டுவந்தவர் என்று பவாஸ் மியானைச் சொல்கிறார்கள். சுரங்கம் நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியின் மூலதனமும், 1902-ல் சிவனசமுத்திரத்து மின்சாரமும் தங்கவயலுக்கு வந்த அதே மைசூர் சமஸ்தானத்தில், பொம்மைத் தொழிலும் வெளியிலிருந்து வந்ததைத் தனதாக்கிக்கொண்டே வளர்ந்தது. கனடாவின் வடகோடி இனுயிட் மக்களிடமும் விற்பனை மரபை அழித்துவிடவில்லை. அங்கே சிறுமிகள் தோலாடை தைக்கப் பழகியது பொம்மைக்கு உடுப்புத் தைத்துத்தான். திமிங்கில வேட்டைக்காரர்களும் வணிகர்களும் அந்தப் பொம்மைகளை வாங்கினார்கள். விலைக்குச் செய்யத் தொடங்கியதால் அந்தத் தையலைக் கை மறந்துவிடவில்லை. அது உயிரோடு இருக்க விற்பனையும் ஒரு காரணமானது. சந்தை வந்தால் அவசரமும் மலிவும் வரும் என்பது உண்மை. அதற்கு மருந்து, நல்ல வேலையை அடையாளம் கண்டு அதற்குரிய விலை கொடுப்பது.

செய்முறை தெரிந்தால்தான் பராமரிக்கவும் தெரியும். சென்னப்பட்டணத்தில் வெளுத்த பாலை மரத்துண்டு கடைசலில் சுழலும்போது வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு ஏறும். சூட்டில் படிந்த பூச்சு சூட்டிலேயே கெடும். ஆகவே வெயில் படும் ஜன்னலோரம் அதற்கு ஆகாது. ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும். சானிடைசர் தொட்ட கையோடு எடுக்கக் கூடாது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். மண் பொம்மை என்றால் ஈரத்துணியே படக்கூடாது. வண்ணம் கையோடு வந்துவிடும்.

பொம்மை விளையாடத்தானே, பூட்டி வைப்பது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கொலு வைக்கும் வீடுகள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. சேகரிப்பு, பராமரிப்பு, காட்சி மூன்றும் அந்த வழக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன. பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்த பொம்மைகள் ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வரும். உடைசலும் பூச்சி அரித்ததும் அப்போதே கண்ணில் படும். புதிதாக ஒன்றும் சேரும். அருங்காட்சியகம் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். அங்கே இருப்பதும் வீடுகளில் இல்லாததும், எங்கே எப்போது வாங்கியது என்ற குறிப்பு ஒன்றே. 2001-ல் சுரங்கம் மூடியபின் தங்கவயலில் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு ரயிலேறுகிறவர்கள் ஏராளம். குடும்பங்கள் இடம் மாறும்போது பெட்டிகளும் பிரியும். எந்தப் பொம்மை எந்த ஊரில் வாங்கியது என்பதைச் சொல்ல ஆள் இருக்காது. ஆகவே, இந்த நவராத்திரிக்குப் பெட்டியைத் திறக்கும்போது, வாங்கிய ஊரையும் ஆண்டையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, பொம்மையில் ஒட்டாமல், அதைச் சுற்றும் துணியோடு வையுங்கள்.