சல்லியில் கேட்ட விரிவுரை

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியில் சென்று, சாம்பல்தீவில் கடற்பக்கமாகத் திரும்பினால் சல்லி வரும். முத்துமாரியம்மன் கோவிலால் பெயர்பெற்ற மீனவக் கிராமம். அதே நிலாவெளி வீதியில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. 2001இல் வளாகமாகத் தரமுயர்ந்த அவ்விடத்தில் கணினி விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் அருகருகே கற்பிக்கப்படுகின்றன.

2020 மார்ச்சில் கொவிட் ஊரடங்கு வந்தபோது, பக்கத்து வளாகமும் தொலைதூரத்து வந்தாறுமூலையும் சல்லிக்கு ஒரே தூரத்தில் நின்றன.

இலங்கையில் இணையம் முதலில் பல்கலைக்கழகங்களுக்கே வந்தது என்பதை இளையவர்கள் பலர் அறியார். மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று, 1990இல் உயர்கல்விக்கான மின்னஞ்சல் சேவையைத் தொடக்கினார். அதுவே 'லேர்ன்' என்னும் கல்வி, ஆய்வு வலையமைப்பாக வளர்ந்தது. பொதுமக்களுக்கான வணிக இணையச் சேவை வந்ததோ 1995இல்தான்.

அந்த 1990 எனக்கு வேறுவிதமாக நினைவிருக்கிறது. யூனில் மீண்டும் போர் மூண்டது. கலைப்பீட மாணவனாயிருந்த நான், தவறவிட்ட விரிவுரைகளை நண்பனொருவன் கார்பன் தாள் வைத்து எழுதியனுப்பிய குறிப்புகளில்தான் படித்தேன். இரண்டாம் பிரதியில் எழுத்து மங்கியிருக்கும். அவை சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்துசேர வாரங்கள் ஆகும். தொலைக்கல்வி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார்பன் மைதான் மணக்கிறது.

தமிழிலே இணையவழி உயர்கல்விக்கு வித்திட்டது சென்னை. 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாக, 2001 பெப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதற்குத் தலைமையேற்ற வா. செ. குழந்தைசாமி, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தவர். தபாலில் பாடம் அனுப்பும் அருமையை அறிந்தவர். அடுத்த ஆண்டு, 2002இல், அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமாஸ் 'மூடில்' மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் பாடத்தளங்கள் இன்று அதன்மீதே இயங்குகின்றன.

ஆகவே 2020இல் கருவி இல்லாமலில்லை. 'லேர்ன்' வழியாகச் சூம் வகுப்புகள் நடந்தன. பல்கலைக்கழகத் தளங்களுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் கட்டணம் விலக்கின. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விரிவுரையாளர் சிலர் பதிவுகளை வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் அனுப்பினர். அவற்றுக்குச் சலுகை இல்லை. போதாக்குறைக்கு, பாமினி எழுத்துருவில் தட்டிய குறிப்புகள் கைத்தொலைபேசியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்தன. யுனிகோட் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மவர் பாமினியைக் கைவிடாதது எனக்குத் தீராத வியப்பு.

ஊரடங்கு தளர்ந்தபின் சல்லியில் ஒரு மீனவரைச் சந்தித்தேன். மகள் கலைப்பீட மாணவி.

"மண்ணெண்ணெய்க்கு எடுத்து வச்ச காசிலதான் டேட்டா போடுறன் ஐயா" என்றார்.

வீட்டுக்குள் அலைவரிசை கிடையாது. கரையோரம், கவிழ்த்து வைத்த தோணி நிழலில் இருந்துதான் அவள் விரிவுரை கேட்டாள். விளங்காதவற்றைக் கேட்டாயா என்றேன். கடலிரைச்சல் எல்லோருக்கும் கேட்குமே என்று, அந்தத் தவணை முழுவதும் ஒலிவாங்கியை அணைத்தே வைத்திருந்தாளாம்.