மண்ணுக்குள் மின்சாரம் விட்ட பேராசிரியர்

1911ஆம் ஆண்டு. பாரிஸ் சுரங்கக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் கொன்ராட் ஷ்லும்பர்ஜே ஒரு குளியல் தொட்டியில் மணலை நிரப்பி, அதற்குள் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். மணலில் உலோகத்தைப் புதைத்தால், மேற்பரப்பில் அளக்கும் மின்னழுத்தக் கோடுகள் வளைந்தன. அந்த வளைவை வைத்தே புதைந்திருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் அவர் எண்ணம். மறு ஆண்டே நார்மண்டியில் இருந்த வல்-ரிஷே என்ற குடும்பப் பண்ணைக்குப் போய், கம்பிகளை நட்டு, அசல் நிலத்தில் முதல் வரைபடத்தை எடுத்தார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஈரமண்ணில் நட்ட உலோகக் கம்பி தானே சிறிது மின்னழுத்தத்தை உண்டாக்கி அளவைக் குழப்பும். மயில்துத்தக் கரைசல் நிரப்பிய நுண்துளைச் சாடிக்குள் செப்புக் கம்பியை நிறுத்தி அளந்தபோது அந்தத் தொல்லை தீர்ந்தது.

முதல் உலகப் போர் ஆய்வை நிறுத்திவைத்தது. 1919இல் தந்தை பால் ஷ்லும்பர்ஜே மகன்களுக்கு 5 லட்சம் பிராங்க் வரை தர முன்வந்தார். பணத்தைவிட அறிவியலுக்கே முதலிடம் தர வேண்டும் என்று எழுத்திலேயே நிபந்தனை போட்டார். கொன்ராடும் தம்பி மார்செலும் 1926இல் நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் தேடியது தாதுவும் எண்ணெயும்தான். இதற்கிடையே அமெரிக்காவில் ஃபிராங்க் வென்னர் 1915இல், சம இடைவெளியில் நான்கு கம்பிகளை நட்டு மண்ணின் மின்தடையை அளக்கும் முறையை வகுத்திருந்தார்.

வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் உள்ளே போகும். நடுக் கம்பிகள் இரண்டும் மின்னழுத்தத்தை அளக்கும். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால் மின்சாரம் ஆழமாக இறங்கும். தமிழ்நாட்டில் போர்வெல் போடுமுன் நீர் இருக்கும் பாயிண்ட் பார்க்க வருகிற நிலநீர் ஆய்வாளர், வயலில் நீளமாக ஒயர் இழுத்துச் செய்வதும் இதைத்தான்.

இந்த முறை சுண்ணாம்புக் கல்லிடம் வந்து திணறியது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்ட மழைநீர் மெல்லிய அமிலமாகி, பாறையின் வெடிப்புகளில் இறங்கி, பல்லாயிரம் ஆண்டுகளில் அதைக் கரைத்துக் குகையும் சுரங்கவழியுமாக ஆக்கிவிடுகிறது. இதுவே கார்ஸ்ட். அளவுகளிலிருந்து நிலத்தின் உள்ளமைப்பைச் சொன்ன பழைய கணக்கோ, நிலம் அடுக்கிவைத்த தோசைகளைப் போலப் படிந்திருப்பதாக நினைத்துப் போடப்பட்டது. கார்ஸ்டில் ஓரிடத்தில் உறுதியான பாறை இருக்கும். சில அடி தள்ளிப் பள்ளமும் களிமண்ணும் இருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. காற்று நிறைந்த குகை மின்சாரத்தைத் தடுக்கும். அதே குகையில் களிமண்ணோ உப்புநீரோ நிறைந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும். ஒரே பொந்து ஓரிடத்தில் மிக உயர்ந்த மின்தடையாகவும், வேறிடத்தில் மிகக் குறைந்த மின்தடையாகவும் தெரியும்.

தீர்வு கணினியோடு வந்தது. வரிசையாகப் பல பத்துக் கம்பிகளை நட்டு, ஒரே கேபிளில் கோத்து, கருவியே நான்கு நான்காக மாற்றி மாற்றி அளக்கும் முறை 1990களில் பரவியது. 1996இல் மலேசியாவைச் சேர்ந்த லோக்கும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் பார்க்கரும் வெளியிட்ட விரைவுக் கணக்குமுறை, அந்த அளவுக் குவியலைக் குறுக்குவெட்டுப் படமாக மாற்றித் தந்தது.

அதற்கு முன்பே, மற்றொரு வழியின் தேவையை உணர்த்தியது ஒரு விபத்து. 1962 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் வெஸ்ட் டிரீஃபோன்டைன் தங்கச் சுரங்கத்தில், தாது நொறுக்கும் ஆலையை நிலம் விழுங்கியது. 29 பேர் இறந்தார்கள். அடியில் இருந்தது சுண்ணாம்புக் கல்லின் உறவான டோலமைட். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்ததில், நீர் தாங்கியிருந்த மண் பொந்துகளுக்குள் சரிந்தது. அந்த வட்டாரத்தில் ஈர்ப்பு விசையை இடம் இடமாக அளந்து ஆபத்தான பகுதிகளைப் பிரித்தார்கள். அடியில் பாறைக்குப் பதில் பொந்தோ தளர்ந்த மண்ணோ இருந்தால் ஈர்ப்பு மிக நுண்ணிய அளவில் குறையும்.

யாழ்ப்பாணக் குடாநாடும் மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்தான். அங்குள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது ஊரறிந்தது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், நன்னீர் முடியும் எல்லையைத் தேட மின்தடை முறை அங்கே பொருத்தமான கருவி.

ஆனாலும், திரையில் வரும் குறுக்குவெட்டுப் படத்தின் சிவப்பும் நீலமும் நிலத்தின் புகைப்படம் அல்ல. உள்ளே வெவ்வேறு அமைப்புகள் இருந்தாலும் மேலே ஒரே அளவுகள் கிடைக்கலாம். கணினி அவற்றுள் ஒன்றைத்தான் வரைகிறது. அதனால் மின்தடையோடு ஈர்ப்பு, நில அதிர்வு முறைகளையும் ஒப்பிட்டு, சந்தேகப்பட்ட இடத்தில் துளையிட்டுப் பார்ப்பதே முறை. சுண்ணாம்புக் கல் நிலத்தில் கட்டடமோ அணையோ எழுப்புகிறவர்கள், வண்ணப் படத்தை மட்டும் நம்பி அஸ்திவாரம் போடக் கூடாது. துளையிட்ட அறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும்.