சுமை இறங்கிய வண்டி

ஹாட் ராடாக மாற்றப்பட்ட பழைய பிக்-அப் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, பின்னால் இருக்கிற தொட்டியை. கண்காட்சிக்கு வருகிறவர்கள் முன்பக்கம்தான் குனிந்து பார்ப்பார்கள்: மூடி கழற்றிய எஞ்சின், குரோம் பூசிய குழாய்கள். பின்னால் போய்ப் பார்த்தால் தொட்டியின் அடிப்பலகைகள் வார்னிஷ் பூசிப் பளபளக்கும். ஒரு மூட்டை ஏறி இறங்கிய கீறல்கூட இருக்காது. சுமப்பதற்கென்றே செய்யப்பட்ட வண்டிக்குச் சுமக்காமல் இருப்பதே பெருமையாகிப் போன கதை இது. இந்தக் கதையைப் பந்தயக்காரர்களிடம் கேட்பதைவிடத் தொட்டியிடம் கேட்பது நல்லது.

1925 ஏப்ரலில் ஃபோர்டு கம்பெனி, பிக்-அப் தொட்டி பூட்டிய மாடல் டி வண்டியை 281 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. பிக்-அப்பின் பிறப்பு என்று பல வரலாறுகள் இதைத்தான் சொல்கின்றன. கம்பெனியா கண்டுபிடிச்சுக் கொடுத்தது? அதற்குப் பல வருஷம் முன்பே அமெரிக்கக் குடியானவர்கள் காரின் பின்பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மரப்பெட்டி மாட்டி விளைச்சலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். வண்டியைத் தன் இஷ்டத்துக்கு வெட்டி மாற்றுகிற பழக்கம் பண்ணைக் கொட்டகையில் பிறந்தது. கம்பெனி பின்னால் வந்து அதைச் சரக்காக்கியது.

1930களில் வறட்சியும் கடனும் விரட்ட, ஓக்லஹோமா பக்கத்துக் குடும்பங்கள் கலிபோர்னியாவுக்குக் கிளம்பின. ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ (1939) நாவலில் ஜோட் குடும்பம் ஒரு பழைய ஹட்சன் காரை நடுவில் அறுத்து, பின்னால் லாரித் தொட்டி கட்டிக்கொண்டு போகிறது. புனைவுதான், ஆனால் அப்படி ஒட்டுப்போட்ட வண்டிகள் 66ஆம் நெடுஞ்சாலையில் நிஜமாகவே ஊர்ந்தன. அதே கலிபோர்னியாவில், அதே வருஷங்களில், மோஹாவே பாலைவனத்தின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய ஃபோர்டுகளை விரட்டிக்கொண்டிருந்தார்கள். நேரம் குறித்து முறைப்படுத்த 1937இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கம் உருவானது. ரம்பம் ஒன்று, வெட்டு இரண்டு. ஒன்று பாயும் பாத்திரமும் ஏற்ற. மற்றது எடையைக் குறைக்க. முதலாவதை வெட்டியவனுக்கு ‘ஓக்கி’ என்ற வசை கிடைத்தது. இரண்டாமவன் பின்னாளில் படைப்பாளியானான்.

இரண்டாமவன் பணக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. அவனும் பெரும்பாலும் பழைய இரும்புக் கிடங்கில் பொறுக்கியவன்தான். 1932இல் ஃபோர்டு கொண்டுவந்த 65 குதிரைசக்தி வி-8 எஞ்சின், நாலு கை மாறியபின் அவனுக்குக் கட்டுப்படியாகிற விலைக்கு வந்தது. 1945க்குப் பிறகு ராணுவத்தில் இயந்திர வேலை கற்றுத் திரும்பியவர்கள் கையில் காசும் வித்தையும் இருந்தன. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ பத்திரிகை வந்தது. 1951இல் அதன் ஆசிரியர் வாலி பார்க்ஸ் முன்னின்று தேசிய ஹாட் ராட் சங்கத்தை அமைத்தார். தெருப் பொறுக்கிகள் என்று பேர் வாங்கியிருந்தவர்கள் போலீஸ் ஒத்துழைப்போடு பந்தயத் தடத்துக்குள் ‘ஒழுங்கு’ செய்யப்பட்டார்கள். கலகம் பொழுதுபோக்கு ஆனது என்று ஒரே வரியில் தள்ளிவிடவும் மனசு வரவில்லை. அந்த இளைஞர்களின் கைத்திறன் பொய்யல்ல.

ஆனால் தொட்டிக்கு என்ன ஆச்சு? 1950களில் நார்ம் கிராபோவ்ஸ்கி கட்டிய வண்டியில் பதில் இருக்கிறது. 1922 மாடல் டி காரின் முன்பாதி, காடிலாக் எஞ்சின், பின்னால் மாடல் ஏ பிக்-அப்பின் தொட்டி. அந்தத் தொட்டியையும் குட்டையாக வெட்டியிருந்தார். 1958இல் தொடங்கிய ‘77 சன்செட் ஸ்ட்ரிப்’ தொலைக்காட்சித் தொடரில் கார் நிறுத்துகிற வேலைக்காரப் பையன் அதை ஓட்டினான். தேசம் பூராவும் பார்த்தது. ‘டி-பக்கெட்’ என்று ஒரு தனி ரகமே கிளம்பிற்று. தொட்டி இங்கே வெறும் குறியாக மிஞ்சுகிறது: பயன்மதிப்பு போய்விட்டது, பயன்மதிப்பின் ஞாபகம் மட்டும் அழகாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1963 நவம்பரில் டாம் வுல்ஃப் ‘எஸ்க்வயர்’ இதழில் கலிபோர்னியாவின் வண்டி அலங்காரக்காரர்களைக் கலைஞர்களாகப் பார்க்கச் சொல்லி எழுதினார். புகழ்பெற்ற கட்டுரை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 17 அன்று, அதே மாநிலத்தில் சுவலார் என்ற ஊருக்குப் பக்கத்தில் மாற்றியமைக்கப்பட்ட வேறொரு வண்டி ரயிலில் அடிபட்டது. சரக்கு லாரியின் மேல் கூரை போட்டு, நீளவாக்கில் பலகை பெஞ்சு அடித்து ‘பஸ்’ ஆக்கியிருந்தார்கள். உள்ளே வயல்வேலை முடிந்து திரும்பிய மெக்ஸிகோ ஒப்பந்தக் கூலிகள். 32 பேர் செத்தார்கள். அந்த ஒப்பந்த ஏற்பாடு 1964 முடிவில் நிறுத்தப்பட்டதற்கு இந்த விபத்தும் ஒரு காரணம். இதுவும் பட்டறையில் வெட்டி ஒட்டிய வண்டிதானே? எந்த ஹாட் ராட் வரலாற்றிலும் இதற்கு ஏன் இடமில்லை?

மெக்ஸிக வம்சாவளி இளைஞர்கள் தங்கள் வண்டிகளைத் தரையோடு தாழ்த்தி மெதுவாக ஓட்டியபோது சட்டமே குறுக்கே வந்தது. சக்கர விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக்கூடாது என்று 1958இல் கலிபோர்னியாவில் விதி. ஹைட்ராலிக் பம்ப் பூட்டி, போலீஸைக் கண்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டார்கள். அந்த மாதிரித் தடைகள் மாநிலச் சட்டத்திலிருந்து போனது 2024 ஜனவரியில்தான். வேகமாக ஓட்டியவனுக்கு 1951இலேயே சங்கம் கிடைத்துவிட்டது!

இன்றைக்குப் பழைய பிக்-அப்பைத் தாழ்த்த நினைப்பவர்கள் ஸ்பிரிங் பட்டைகளை உருவிவிட்டு, ஆக்ஸில் ஏறி இறங்க அடிச்சட்டத்தை வளைவாக வெட்டுகிறார்கள். தொட்டியின் தரை மேலே ஏறுகிறது, ஆழம் குறைகிறது. மூட்டை வைத்தால் வண்டி தாங்காது. இன்னொரு சாரார் துருவைத் துடைப்பதில்லை. மேலே நிறமற்ற பூச்சு கொடுத்து அப்படியே காக்கிறார்கள். கதவில் ஏதோ ஒரு பண்ணையின் பேரோ கடையின் பேரோ மங்கிய எழுத்தில் இருந்துவிட்டால் கிராக்கிதான். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. புதுசாக ஒரு பேர் எழுதி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மங்க வைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது.