சுக்குக் காப்பியில் காப்பி எங்கே?

சுக்கு, கொத்தமல்லி விதை, மிளகு, ஏலம், கருப்பட்டி. இவற்றைத் தட்டிக் கொதிக்க வைத்து வடிகட்டினால் சுக்குக் காப்பி. கேரளத்தில் இதில் கொஞ்சம் காப்பித்தூள் சேர்ப்பதுண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. காப்பிக்கொட்டையே சேராத பானத்துக்குக் காப்பி என்று எப்படிப் பெயர் வந்தது? பேச்சுவழக்கில் சொற்கள் கண்டபடி இடம் மாறும், அதற்கு இது ஓர் உதாரணம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இந்தச் சொல்லின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், சுக்குக் காப்பி என்ற பெயரில் பிழை ஏதுமில்லை என்பது தெரியவரும். பிறந்த இடத்திலேயே இச்சொல் கொட்டையின் பெயராக இருக்கவில்லை; குடிக்கும் ஒன்றின் பெயராகவே இருந்தது.

அரபு மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. கொட்டை ‘புன்’, பானம் ‘கஹ்வா’. இந்த இரண்டாவது சொல், காப்பி அரேபியாவுக்கு அறிமுகமாகும் முன்பே அரபுக் கவிதைகளில் மதுவின் பெயர்களுள் ஒன்றாக இருந்தது. பசியை, உணவின் மீதான நாட்டத்தை மந்தமாக்குவது என்று அரபு அகராதியாளர்கள் அதன் வேருக்குப் பொருள் கூறினர். 15-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வழிபாட்டில் தூக்கத்தை விரட்ட ஒரு பானம் அருந்தினார்கள்; அதற்கு இப்பெயர் அமைந்தது. மதுவின் பெயரைச் சுமந்த பானம் மார்க்கத்துக்கு ஏற்றதா என்ற சண்டையும் கூடவே வந்தது; 1511-இல் மெக்காவில் தடையே விதித்தார்கள். அந்த வழக்கை விரிவாக ஆராய்ந்து 1558 வாக்கில் நூல் எழுதிய அப்துல் காதிர் அல்-ஜஸீரி தரும் ஒரு செய்தி நமக்கு முக்கியமானது. முதலில் கஹ்வா காய்ச்சப்பட்டது காத் செடியின் இலையிலிருந்து என்றும், ஏடனில் அந்த இலை கிடைக்காமல் போனபோதுதான் அதற்குப் பதிலாகப் புன்னைப் போட்டார்கள் என்றும் அவர் ஒரு வரலாற்றைப் பதிவு செய்கிறார். பிற்பாடும், பழத்தின் உலர்ந்த தோலில் காய்ச்சியது ஒரு கஹ்வா, கொட்டை சேர்த்துக் காய்ச்சியது இன்னொரு கஹ்வா என்று அடைகொடுத்தே பிரித்தார்கள். நாம் சுக்குக் காப்பி என்று அடைசேர்த்துச் சொல்வது போலத்தான் இதுவும்.

இதற்கு உடனே எழக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. எத்தியோப்பியாவின் தென்மேற்கில் காப்பி காட்டுச்செடியாக வளரும் காஃபா என்ற பகுதி இருக்கிறது. ஊர்ப்பெயரே செடியின் பெயராகி, பிறகு பானத்துக்கும் வந்திருக்கலாமே என்பது அது. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும் ஒலி வரலாறு இதற்கு இடம் கொடுப்பதில்லை. காஃபாவிலும் ஐரோப்பியரின் ‘கஃப்பே’யிலும் இருக்கும் ‘ஃப’ ஒலி, இடைப்பட்ட அரபு, துருக்கி வடிவங்களில் இல்லை. கஹ்வா துருக்கியில் ‘கஹ்வே’ ஆனது. அதிலுள்ள ‘ஹ்வ’ என்ற சேர்க்கை இத்தாலியர், டச்சுக்காரர் நாவில் ‘ஃப’ ஆயிற்று. கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமை பயணத்தின் கடைசிக் கட்டத்தில் தற்செயலாக உண்டானது. எத்தியோப்பியர்கள் தங்கள் காப்பியை அந்த ஊர்ப்பெயரால் அழைப்பதும் இல்லை. அம்ஹாரிக் மொழியில் அது ‘புனா’, செடி முதல் பானம் வரை ஒரே சொல். பச்சைக் கொட்டையை விருந்தினர் கண்ணெதிரே வறுத்து, இடித்து, ஜெபனா என்ற மண்கூஜாவில் காய்ச்சி, மூன்று சுற்று ஊற்றித் தருகிறார்கள். செடியைத் தம் காட்டிலேயே உடையவர்கள் செடியின் பெயரால் அழைக்கிறார்கள்; பானமாகப் பெற்றவர்கள் பானத்தின் பெயரால் அழைக்கிறார்கள். 1753-இல் லின்னேயஸ் அச்செடிக்குச் சூட்டிய ‘காஃபியா அராபிகா’ என்ற பெயர்கூட, குடித்தவர்கள் பக்கமிருந்து வந்ததுதான்.

பயணம் போன இடங்களிலும் சொல் இந்தக் குணத்தை விடவில்லை. வளைகுடா நாடுகளில் இளவறுப்புக் கொட்டையை ஏலத்தோடும் சில வீடுகளில் குங்குமப்பூவோடும் கொதிக்க வைத்துச் சிறு கிண்ணத்தில் தருவது கஹ்வா. காஷ்மீரத்திலும் கஹ்வா உண்டு. குங்குமப்பூவும் ஏலமும் இருக்கின்றன, ஆனால் கொட்டைக்குப் பதில் பச்சைத் தேயிலை. ஈரானில் பழைய ‘கஹ்வே கானா’க்களின் பெயர்ப் பலகை மாறவில்லை, உள்ளே கொடுப்பது தேநீர். துருக்கியில் காலைச் சிற்றுண்டிக்குக் ‘கஹ்வால்த்தி’ என்று பெயர். காப்பிக்கு முன் வயிற்றில் போடுவது என்பது சொற்பொருள். அத்தட்டோடு இன்று வருவதும் பெரும்பாலும் தேநீரே. கொட்டை போய்விட்டது, பெயர் இருக்கிறது.

அப்படியானால் இது ஒரு தயாரிப்பு முறையின் பெயரா? அதுவும் சரியாகாது. துருக்கியர் மாவாக அரைத்துச் சிறு கைப்பிடிக் கலத்தில் நுரைக்கவிட்டு வண்டலோடு ஊற்றுகிறார்கள். இத்தாலியர் எஸ்பிரெசோ இயந்திரத்தில் அழுத்தி இறக்குகிறார்கள். வியட்நாமியர் ‘ஃபின்’ என்ற சிறு வடிகலத்தில் இறக்கிச் சுண்டிய பாலில் கலக்கிறார்கள். இத்தனை வேறுபாட்டையும் ஒரே பெயர் தாங்குகிறது. நம் வீட்டு ஃபில்டரைப் பார்த்தால் முறைக்கும் பெயருக்கும் உள்ள இடைவெளி இன்னும் தெளிவாகும். ‘டிகாக்‌ஷன்’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்குக் கொதிக்க வைத்து இறக்குதல் என்று பொருள்; மருத்துவத்தில் நாம் கஷாயம் என்போமே, அதேதான். ஆனால் பித்தளை ஃபில்டரின் மேற்கலத்தில் வெந்நீர் ஊற்றினால் அது தூளின் வழியே சொட்டுச் சொட்டாக இறங்குகிறதே தவிர, கொதிப்பதில்லை. மாறாக, சுக்கையும் மல்லியையும் கொதிக்க வைத்து எடுப்பது முறைப்படி கஷாயம். கொதிக்காததைக் கஷாயத்தின் லத்தீன் பெயரால் டிகாக்‌ஷன் என்கிறோம். உண்மையான கஷாயத்தைக் காப்பி என்கிறோம். ஆக, இச்சொல் சுட்டுவது பொருளையும் அல்ல, முறையையும் அல்ல, ஓர் இடத்தை. உணவாகப் பசியாற்றாமல், மருந்தாகக் கசக்க விழுங்கப்படாமல், சோர்வை நீக்கவும் வந்தவரை உட்காரவைக்கவும் பயன்படும் பானம் எதுவோ அதற்குரிய இடம். சுக்குக் காப்பியைக் கஷாயம் என்றால் நோயாளி குடிப்பார். காப்பி என்றால் எல்லோரும் குடிப்பார்கள்.

இந்த வெளிச்சத்தில் ‘குளம்பி’, ‘கொட்டை வடிநீர்’ போன்ற புத்தாக்கங்கள் ஏன் வழக்கில் ஊன்றவில்லை என்பதும் விளங்கும். பிளந்த கொட்டை குளம்பைப் போல இருக்கிறது என்பது முதலாவதற்குச் சொல்லப்படும் காரணம். இரண்டாவதில் கொட்டை வெளிப்படையாகவே நிற்கிறது. இரண்டும் எத்தியோப்பியரைப் போலச் செடியின் பக்கமிருந்து பெயரிடுகின்றன. நாமோ பானமாகப் பெற்றவர்கள். ‘சுக்குக் குளம்பி’ என்று சொல்லிப் பார்த்தாலே முரண் தெரிந்துவிடும். தமிழில் பெயர் வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை என்றாலும், ஐரோப்பியர் வாய்வழி வந்த ‘ஃப’வை ‘ப்ப’ ஆக்கித் தமிழின் ஒலிமரபுக்குள் இச்சொல்லை எப்போதோ கொண்டுவந்துவிட்டோம். வேற்றுமை உருபேற்று, அடைமொழி ஏற்று, கொட்டையே சேராத பானத்துக்கும் பெயராகும் அளவுக்கு அது இங்கே வேர்விட்டிருக்கிறது. இலை கிடைக்காதபோது கொட்டையைப் போட்டுப் பெயரைக் காப்பாற்றினார்கள் ஏடன்காரர்கள். கொட்டையை விட்டுச் சுக்கைப் போட்டு அதே பெயரைக் காப்பாற்றியிருக்கிறோம் நாம்.