பாரதி பாட்டும் இசைத்தட்டு உரிமையும்

1921இல் மறைந்த பாரதியாரின் பாடல்கள், 1914ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி 1971 வரை தனியுடைமையாகவே இருந்திருக்க வேண்டியவை. இசைத்தட்டும் பேசும்படமும் வந்தபின் அவ்வுடைமைக்குப் பெருவிலை உண்டாயிற்று. இசைத்தட்டு உரிமையை விலைக்குப் பெற்றிருந்த ஏவி. மெய்யப்பச் செட்டியார், 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் அப்பாடல்களை ஒலிக்கச் செய்தார். நூல் கற்கும் வாய்ப்பில்லாத சிற்றூர் மக்களுக்கும் பாரதியைச் செவிவழியே சேர்த்தது திரைப்படக் கொட்டகைதான்; இதனை மறுத்தல் நன்றியன்று.

ஆயினும் 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது செட்டியார் சட்டத்தின் துணையை நாடினார். நாடக மேடைகளில் பாரதியைப் பாடிப் பரப்பியவர்கள் அச்சகோதரர்கள்! கேட்டவர் நாவில் குடியேறிவிட்ட பாட்டுக்கு உடையவர் யார் என்னும் வினா எங்கும் எழுந்தது. பாரதியை நாட்டுடைமையாக்குக என்று எழுத்தாளரும் கலைஞரும் குரல் எழுப்பினர்.

அந்நாளில் சென்னை மாகாண ஆட்சித் தலைவராக இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். கள்ளக்குறிச்சியும் ஓமந்தூரும் ஒருங்கே அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்து உழவர். 1949இல் அவரது அரசு உரிமையை ஏற்றது. செட்டியாரும் தம் பங்கை விலைபெறாமலே அளித்தார். அப்பெருந்தன்மையும் பதிவுபெற வேண்டியதே.

நாட்டுடைமை 22 ஆண்டுகள் முந்தியது. அவ்விடைவெளியில்தான், 1961இல், பாரதி பாடல்களைக் கொண்டே 'கப்பலோட்டிய தமிழன்' இசைபெற்றது.